போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மக்காச்சோளம்: டாட்மர்டனிலிருந்து வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் என் ஊரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. டாட்மர்டன், இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் பென்னைன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சந்தை ஊர். மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். சுமார் 15,000 பேர் வாழ்கிறோம். ஊர்க்காரர்கள் சுருக்கமாக ‘டாட்’ என்பார்கள். நான் இங்கே மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள்.

பதினைந்தாயிரம் பேர் இருக்கும் ஊரில் அப்படி என்ன செய்தி இருந்துவிடப் போகிறது? (விருதுநகர் வாசகர்)

நிறைய இருக்கிறது ஐயா. நூலகத்திலும் கடை ஜன்னல்களிலும் ஒட்டியிருக்கும் தாள்களைப் பார்த்தாலே தெரியும். கால்வாய்க் கரைப் பாதை பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறது. மலைமேல் குடியிருப்புக்குப் போகும் சிற்றுந்தின் மாலை நேரம் மாறுகிறது. சர்ச் கூரையைச் சீராக்கப் பணம் வேண்டும், சனிக்கிழமை கேக் விற்பனை. பேண்டு குழுவுக்கு கார்னெட் வாசிக்க ஆள் தேவை. சாம்பல் நிறப் பூனையைக் காணவில்லை, கழுத்தில் சிவப்புப் பட்டை.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவளுக்குக் கேட்கத் தோன்றாது. சிற்றுந்தின் நேரம் மாறினால் மலைமேல் தனியாக இருக்கும் எண்பது வயதுப் பாட்டி ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வரமாட்டார். அவர் பெயர் எழுதிய பை அலமாரியிலேயே கிடக்கும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் போன் போடுவோம். தலைநகரத்துச் செய்தியைப் படித்தால் எனக்குக் கவலைப்பட மட்டுமே முடிகிறது. ஊர்ச் செய்தியைப் படித்தால் எழுந்து போய் ஏதாவது செய்ய முடிகிறது. இந்தத் துண்டுச் செய்திகள் மேல் எனக்கு இருக்கும் பிடிப்புக்குக் காரணம் அதுதான்.

ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நீளமுள்ள வளைவு ரயில் பாதை ஒன்றைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு பிடுங்கிவிட்டார்கள். அதோடு பர்ன்லியிலிருந்து எங்கள் ஊர் வழியாக மான்செஸ்டருக்கு நேராகப் போகும் வசதியும் போனது. ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2015 மே மாதம் அந்த வளைவில் மறுபடி ரயில் ஓடியது. லண்டன் பத்திரிகைக்கு அது ஒரு வரி. இங்கே வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அது தினமும் மிச்சமாகும் நேரம்.

‘மார்க்கெட் டவுன்’ என்றால் சந்தை கூடும் எல்லா ஊரும் அதில் சேருமா? (வவுனியா வாசகர்)

பழைய கணக்குப்படி சேராது. இடைக்காலத்தில் சந்தை நடத்த மன்னரின் சாசனம் வேண்டும். ஒரு சந்தைக்கு 6⅔ மைலுக்குள், அதாவது சுமார் 10.7 கிலோமீட்டருக்குள், போட்டியாக இன்னொரு சந்தை வைக்கக் கூடாது என்று சட்ட வழக்கம் இருந்தது. அந்தக் கணக்கு வந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் ஒரு நாளில் 20 மைல் நடப்பார். அதை மூன்றாகப் பகுத்தால், சந்தைக்குப் போக ஒரு பங்கு நேரம், விற்க வாங்க ஒரு பங்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பங்கு. தலையில் கூடை சுமந்து நடந்தவர்களின் காலை வைத்துப் போட்ட சட்டம் அது.

டாட்மர்டன் பருத்தி ஆலைகளால் பெருத்த ஊர். இப்போதுள்ள சந்தைக் கட்டடம் 1879இல் வந்தது. உள்ளே இறைச்சி, பாலாடைக்கட்டி, காய்கறி எல்லாம் கிடைக்கும். வியாழக்கிழமை வெளியே பழைய பொருள் சந்தை. பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றைக்கூட நான் அங்கே வாங்கியிருக்கிறேன்.

1875இல் கட்டிய டவுன் ஹால்தான் ஊரின் பெருமை. லங்காஷயருக்கும் யார்க்‌ஷயருக்கும் இடையிலான எல்லைக்கோடு அந்தக் கட்டடத்தின் நடுவே ஓடியது. மேல்மாடத்துச் சிற்பத்தில் ஒரு பக்கம் லங்காஷயரின் பருத்தி, மறுபக்கம் யார்க்‌ஷயரின் கம்பளியும் விவசாயமும். 1888ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊர் முழுவதும் யார்க்‌ஷயரில் சேர்ந்தது. ஆனால் அஞ்சல் குறியீடு இன்றும் ஓல்டமுக்கு உரியது, தொலைபேசிக் குறியீடு ராச்டேலுக்கு உரியது. இரண்டும் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்கள்.

டவுன் ஹாலைக் கட்டிக் கொடுத்தது ஃபீல்டன் குடும்பம். அதில் ஜான் ஃபீல்டன் ஆலை முதலாளி, நாடாளுமன்ற உறுப்பினர். சிறுவயதில் தந்தையின் ஆலையில் வேலை பார்த்தவர். பெண்களும் இளையவர்களும் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்ற 1847ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர். சென்டர் வேல் பூங்காவில் அவர் சிலை நிற்கிறது. ஆலை முதலாளியே அந்தச் சட்டத்தைக் கேட்டார் என்பதற்காக அந்தச் சிலை மேல் எனக்கு மரியாதை உண்டு.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காய்கறி வளர்த்து யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். மொத்தத்தையும் ஒரே ஆள் பிடுங்கிக்கொண்டு போய்விட மாட்டாரா? (கோயம்புத்தூர் வாசகி)

பறிக்கத்தானே அம்மா நட்டிருக்கிறார்கள்!

2008இல் பாம் வார்ஹர்ஸ்ட், மேரி கிளியர் முதலானோர் ஆரம்பித்த ‘இன்கிரெடிபிள் எடிபிள்’ இயக்கம் இது. பாம் வார்ஹர்ஸ்ட் முன்பு கால்டர்டேல் கவுன்சிலின், அதாவது எங்கள் ஊர் அடங்கிய வட்டாரத்தின் உள்ளாட்சி மன்றத்தின், தலைவராக இருந்தவர். அரசு அலுவலகம் எப்படி இழுத்தடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் திட்ட அறிக்கை, மானியம் என்று காத்திருக்காமல் சும்மா கிடந்த பொது இடங்களில் நட ஆரம்பித்துவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷன் முன்னால் மக்காச்சோளம். ரயில் நிலையத்தில் சமையல் மூலிகைகள். மருத்துவ நிலையத்தைச் சுற்றியிருந்த முள்செடிகளை எடுத்துவிட்டுப் பழமரங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்கள் மண்வெட்டியோடு கூடுவார்கள். வேலை முடிந்ததும் சூடாகச் சாப்பாடு, பேச்சு.

இந்தப் பாத்திகள் 15,000 பேருக்குச் சோறு போடாது. யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் முன்பு வழியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவர்கள் ஒரு பீன்ஸ் கொடியின் முன்னால் நின்று, இதை எப்படிச் சமைப்பது என்று கேட்டுக்கொள்கிறார்கள். நான் புதினா பறித்துத் துவையல் அரைப்பதைக் கேள்விப்பட்டுச் செய்முறை எழுதி வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் இப்போது இப்படிக் குழுக்கள் நடக்கின்றன. உங்கள் தெருவில் கறிவேப்பிலைக் கன்று ஒன்றை மதிலுக்கு வெளியே நட்டுப் பாருங்கள்.

2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அதே மாதம் உங்கள் ஊரிலும் வெள்ளம் என்று படித்தேன். அங்கே எல்லாவற்றையும் அரசாங்கமே பார்த்துக்கொண்டிருக்குமே? (வேளச்சேரி வாசகி)

உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன் அம்மா. டிசம்பர் முதல் வாரம் முழுக்க நான் சென்னைச் செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் யாருக்கும் போன் கிடைக்கவில்லை. அந்தக் கலக்கம் தீர்வதற்குள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 26ஆம் தேதி, எங்கள் பள்ளத்தாக்கில் சைரன் ஊதியது.

எங்கள் ஊரின் அமைப்பு அப்படி. மூன்று பள்ளத்தாக்குகள் சந்திக்கும் இடம். மேலே மேட்டுநிலம் ஏற்கெனவே நனைந்து ஊறிக் கிடந்தது. அதற்குமேல் கொட்டிய மழை முழுவதும் செங்குத்துச் சரிவில் இறங்கி கால்டர் ஆற்றுக்கு வந்துவிட்டது. ஆலைக் காலத்தில் ஆற்றை இருபுறமும் சுவர் கட்டி ஒடுக்கிவிட்டார்கள். வால்ஸ்டன் ஓடை டவுன் ஹாலுக்கு அடியிலேயே ஓடுகிறது. டாட்மர்டன், கீழே ஹெப்டன் பிரிட்ஜ், அதற்கும் கீழே மைதம்ராய்ட் என்று வரிசையாக எல்லா ஊரும் மூழ்கின.

சைரன் அரசு வைத்தது. அதை மறுக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் ஊர்க்காரர்கள். வெள்ளக் காவலர்கள் என்று தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எந்தத் தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார், யாருக்குக் காது கேட்காது என்பது அவர்களுக்குத் தெரியும். மறுநாளே எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் துடைப்பமும் வாளியுமாக வந்தார்கள். சீக்கியர்களின் கால்சா எய்ட் அமைப்பு பள்ளத்தாக்குக்கு வந்து உதவியது.

மருந்துக்கடையில் நான் கண்டது வேறு. சேற்றுக் காலோடு வந்து நிற்பார்கள். மாத்திரை எல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. பெயர் கேட்டால், “காலையில் ஒரு வெள்ளை, ராத்திரி ஒரு சின்ன மஞ்சள்” என்பார்கள். அவசரத்துக்கு மருத்துவர் சீட்டு இல்லாமலே சில மருந்துகளைக் கொடுக்க இங்கே சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் எந்த மருந்து என்று தெரிய வேண்டுமே. அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உங்களிடமும் சொல்கிறேன்: மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை என்று ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேல் அலமாரியில் வையுங்கள். இன்சுலின் போடுபவர் வீட்டில் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு வந்த துன்பம் காப்பீடு. அடிக்கடி மூழ்கும் வீட்டுக்கு எந்த நிறுவனமும் கட்டுப்படியாகும் விலையில் காப்பீடு தராது. 2016 ஏப்ரலில் ‘ஃப்ளட் ரீ’ என்ற திட்டம் வந்தது. காப்பீட்டு நிறுவனங்களெல்லாம் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்டும். அதை வைத்து ஆபத்தான இடத்து வீடுகளின் வெள்ளக் காப்பீட்டுச் சுமையைக் குறைப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் 2009 முதல் கட்டிய வீட்டுக்குக் கிடையாது, கடைகளுக்குக் கிடையாது, 2039இல் முடிந்துவிடும். ஒரு சந்தை ஊரில் கடைக்காரரை விட்டுவிட்டு வீட்டை மட்டும் காப்பாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கடை மூடினால் அந்தத் தெருவுக்கு யார் வருவார்கள்?

ஊர்க்காரர்கள் செய்த இன்னொன்றைச் சொன்னால் உங்களுக்குத் தெம்பாக இருக்கும். ‘ஸ்லோ தி ஃப்ளோ’ என்ற தன்னார்வக் குழு, ஹெப்டன் பிரிட்ஜுக்கு மேலே ஹார்ட்காசில் கிராக்ஸ் காட்டில் ஓடைகளுக்குக் குறுக்கே மரக்கட்டைகளைப் போட்டுக் கசியும் தடுப்புகள் கட்டியது. சாதாரண நாளில் தண்ணீர் அடியில் ஓடிவிடும். பெருமழையில் கட்டைகள் கொஞ்ச நேரம் தேக்கிவைத்து மெதுவாக விடும். ஒரு தடுப்பால் பயன் இல்லை, நூற்றுக்கணக்கில் இருந்தால்தான் பலன் தெரியும். இதனால் வெள்ளமே வராது என்றும் சொல்ல முடியாது. 2020 பிப்ரவரி 9ஆம் தேதி கியாரா புயலில் பள்ளத்தாக்கு மறுபடி மூழ்கியது. கட்டை போடுகிறவர்கள் நிறுத்தவில்லை.

சின்ன ஊரில் படித்தால் பெரிய விஞ்ஞானி ஆக முடியுமா? (மதுரை, பிளஸ் ஒன் மாணவர்)

தம்பி, எங்கள் ஊரில் பிறந்த இருவர் நோபல் பரிசு வாங்கினார்கள். ஜான் காக்ராஃப்ட், 1951, இயற்பியல். ஜெஃப்ரி வில்கின்சன், 1973, வேதியியல். இருவரும் ஒரே பள்ளி. வகுப்பு வேறு, காலம் வேறு, ஆனால் இருவருக்கும் இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவரே. லூக் சட்கிளிஃப் என்று பெயர். உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் புரியாததைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கணவருக்கு லிங்கன்ஷயரில் ஒரு சந்தை ஊர் மருத்துவமனையில் வேலை. ஈஸ்ட் ஹாமை விட்டுப் போகப் பயமாக இருக்கிறது. தமிழ் முகமே இருக்காதே? (லண்டன் வாசகி)

மகளே, முதல் குளிர்காலம் கஷ்டம்தான். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். கடைகள் ஐந்துக்கு மூடிவிடும். முருங்கைக்காய்க்கு நாங்கள் பிராட்ஃபோர்டு வரை போகிறோம், நீங்கள் லெஸ்டருக்குப் போக வேண்டியிருக்கும்.

இந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வா என்று சட்டென அழைக்க மாட்டார்கள். அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சேர்ந்து ஒரு வேலை செய்தால்தான் அவர்களுக்குப் பேச்சு வரும். அதனால் ஒரு வேலையைப் பிடியுங்கள். நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கலாம். அறக்கடையில், அதாவது பழைய பொருளை விற்று நற்பணிக்குப் பணம் சேர்க்கும் கடையில், துணி பிரித்துக் கொடுக்கலாம். அல்லது அலாட்மென்ட் கேளுங்கள். கவுன்சில் சிறு வாடகைக்குத் தரும் தோட்டத் துண்டு அது. முழு அளவு சுமார் 250 சதுர மீட்டர். 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊர் வாக்காளர் ஆறு பேர் சேர்ந்து தேவை என்று எழுதிக் கொடுத்தால் கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும், போன உடனே பெயரைக் கொடுத்துவிடுங்கள். கோடையில் கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் நன்றாக வரும். பக்கத்துத் துண்டுக்காரர் தரும் ரூபார்ப் தண்டை வாங்கி, வெந்தயக்கீரையைக் கொடுங்கள்.

திருவிழாக்களைத் தவற விடாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஹெப்டன்ஸ்டால் மலையூரில் புனித வெள்ளியன்று ‘பேஸ் எக்’ நாடகம் போடுவார்கள். செயின்ட் ஜார்ஜ் சண்டை போடுவார், வெட்டுப்பட்டு விழுந்தவரை வைத்தியர் வந்து எழுப்புவார், கூட்டம் சேர்ந்து கத்தும். மேடை கிடையாது, கல் பாவிய சதுக்கத்தில் வட்டமாக நின்று பார்க்க வேண்டும். நம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு மொழி முழுக்கப் புரியாவிட்டாலும் ஆட்டம் புரிந்துவிடும்.

பயத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பல ஊர்களில் குடியேறியவர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. அந்த வாரம் நானும் வெளியே போகத் தயங்கினேன். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, கடைக்குப் போக வேண்டுமென்றால் சொல், நானும் வருகிறேன் என்றார். அவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டதே தோட்டத்துக்கு உரம் பங்கு போட்டதில்தான்.

சின்ன ஊர்ப் பத்திரிகைகள் மூடிக்கொண்டே வருகின்றன. கவுன்சிலில் நடப்பதை இனி யார் எழுதுவார்கள்? (சென்னை, இதழியல் மாணவி)

இது என்னைத் தூங்கவிடாத கேள்வி. முன்பு ஊர்ப் பத்திரிகைக்கு ஊரிலேயே ஆபீஸ் இருக்கும், நிருபர் சந்தையில் நின்று பேசுவார். இப்போது ஒரு நிருபர் பல ஊர்களைப் பார்க்கிறார். பிபிசி தன் பணத்தில் சுமார் 165 நிருபர்களை ஊர்ப் பத்திரிகைகளில் அமர்த்தி, கவுன்சில் செய்தி எழுத வைக்கிறது. அது இல்லையென்றால் பல கூட்டங்களில் எழுத ஆளே இருக்காது. ஆனாலும் அவர்கள் பெரிய கவுன்சில்களைத்தான் பார்க்க முடிகிறது. எங்கள் டவுன் கவுன்சில் மாதிரிச் சிறியவற்றுக்கு நாமே போக வேண்டும்.

போவதற்கு உரிமை உண்டு. 1960ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டங்களைப் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்துவிட்டது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போது புதிய எம்.பி.யாக இருந்த மார்கரெட் தாட்சர். 2014 முதல் கூட்டத்தைப் படம் பிடிக்கவும் அனுமதி உண்டு. நிகழ்ச்சி நிரலைக் கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்பே ஒட்டிவிட வேண்டும். நான் நோட்டுப் புத்தகத்தோடு போவேன். பல நாள் பார்வையாளர் நாற்காலியில் நான் மட்டும்தான். குப்பைத் தொட்டி, கல்லறைக் கட்டணம், பூங்காக் கழிப்பறை என்று போகும். கழிப்பறையை மூடுவது என்று முடிவானால் முதியவர்கள் பூங்காவுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். அதை யாராவது எழுதி ஒட்டினால்தானே எதிர்ப்புச் சொல்ல முடியும்?

ஷ்ராப்ஷயரில் செவிலியராக இருக்கிறேன். இந்திய பாஸ்போர்ட். ஊர்க் கவுன்சிலைப் பற்றி நான் பேச முடியுமா? எனக்குத்தான் ஓட்டே கிடையாதே? (செவிலியர் வாசகி)

உங்களுக்கு ஓட்டு உண்டு! இதை நம் ஆட்களில் நிறையப் பேர் அறியாமலே ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். முறையான விசாவில் இங்கே வாழும் காமன்வெல்த் குடிமக்கள், இந்தியர்களும் இலங்கையர்களும் உட்பட, உள்ளூர்த் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் நீங்களாகப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பே பதிவு முடிந்துவிடும். 2023 மே முதல் இங்கிலாந்தில் வாக்குச்சாவடியில் படத்தோடு கூடிய அடையாள அட்டை காட்ட வேண்டும். உங்கள் இந்திய பாஸ்போர்ட்டே போதும்.

தேர்தலில் நிற்பதற்கு மட்டும் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வேண்டும், வேலை விசா போதாது. அது கிடைத்ததும், அந்த ஊர் வாக்காளராக இருந்தாலோ, ஊரில் ஓராண்டு வசித்திருந்தாலோ வேலை பார்த்திருந்தாலோ நிற்கலாம். டவுன் கவுன்சிலுக்கு டெபாசிட் கிடையாது. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். பல சின்ன ஊர்களில் ஆள் இல்லாமல் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. அப்போது கவுன்சிலே விண்ணப்பம் கேட்டு ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும்.

இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். உங்களோடு வேலை பார்க்கும் கேரளப் பெண்களிடமும் சொல்லுங்கள், அவர்களுக்கும் இதே உரிமைதான். அடுத்த கூட்டத்தின் தேதி நூலகப் பலகையில் இருக்கும். முதல் நாள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேளுங்கள். எந்த விஷயம் புரியவில்லை என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் விளக்குகிறேன்.